பெல்ட் போட்டாச்சா? பின் சீட்டையும் சேர்த்து ஒரு முழுமையான வழிகாட்டி

"பெல்ட் போட்டாச்சா?" என்று வண்டி கிளம்பும் முன் கேட்பது இப்போது நம் வீடுகளில் பழகிவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி பெரும்பாலும் முன் சீட்டோடு நின்றுவிடுகிறது. ஓட்டுபவர் போட்டிருப்பார். பக்கத்தில் இருப்பவர் செக்போஸ்ட் கண்ணில் பட்டதும் இழுத்து மாட்டுவார். பின்னால் இருக்கும் அம்மாவையும் தாத்தாவையும் குழந்தைகளையும் யாரும் கேட்பதில்லை. அவர்களும் பின்னால்தானே இருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். நம் ஊரில் முதலில் மாற வேண்டியது இந்த நிம்மதிதான் என்று நினைக்கிறேன். அதனால் இந்த வழிகாட்டியைப் பின் சீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

பின்னால் இருந்தால் ஒன்றும் ஆகாதா?

2022 செப்டம்பர் 4 அன்று, டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி பயணித்த கார், மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தின் தடுப்புச் சுவரில் மோதியது. விலை உயர்ந்த, ஏர்பேக்குகள் நிறைந்த கார் அது. பின் சீட்டில் இருந்த மிஸ்திரியும் அவருடைய நண்பரும் பெல்ட் அணிந்திருக்கவில்லை. இருவரும் இறந்துபோனார்கள். முன் சீட்டில் இருந்த இருவரும் பலத்த காயங்களோடு பிழைத்தார்கள். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 2014 ஜூன் 3 காலை, மத்திய அமைச்சர் கோபிநாத் முண்டே டெல்லி நகருக்குள்ளேயே நடந்த விபத்தில் உயிரிழந்தார். அவரும் பெல்ட் இல்லாமல் பின் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உள்ளே இருக்கும் நம் உடம்பும் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது. கார் எதிலாவது மோதி நின்றாலும், பெல்ட் போடாத உடம்பு நிற்காது. எதிரே இருப்பதில் மோதும் வரை போய்க்கொண்டே இருக்கும். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். ஊருக்குள் மெதுவாகத்தானே போகிறோம் என்று நாம் சொல்லும் வேகம் இது.

பின் சீட்டில் இருப்பவர் அப்படிப் போய் மோதுவது முன் சீட்டின் முதுகில். அங்கே பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருப்பவர், தன் பெல்ட்டுக்கும் பின்னாலிருந்து வரும் 60, 70 கிலோ எடைக்கும் நடுவில் நசுங்குகிறார். ஆகவே "என் உயிர், என் விருப்பம்" என்ற பேச்சுக்குப் பின் சீட்டில் இடமே இல்லை. பின்னால் இருப்பவர் போடாத பெல்ட் முன்னால் இருப்பவரின் உயிரையும் வாங்கக்கூடியது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 138(3)ன்படி ஓட்டுநர், முன் சீட்டில் இருப்பவர், முன்நோக்கிய பின் சீட்டுகளில் இருப்பவர்கள் எல்லாரும் வண்டி ஓடும்போது பெல்ட் அணிந்திருக்க வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு இதற்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. அந்தப் பிரிவு பெல்ட் போடாமல் ஓட்டுபவரை மட்டும் சொல்லவில்லை. பெல்ட் போடாதவர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுபவரையும் சேர்த்தே சொல்கிறது. ஓட்டுகிற நீங்கள்தான் எல்லாரையும் கேட்க வேண்டியவர்.

முதல் வேலை: பக்கிளைத் தோண்டி எடுப்பது

நம் வண்டிகளில் பின் சீட் பெல்ட் போடாததற்குப் பாதிக் காரணம் மனசு. மீதிப் பாதி சீட் கவர். புது வண்டி வாங்கியதும் கவர் போடுகிறோம், அதன் மேல் துண்டு விரிக்கிறோம். பெல்ட்டை மாட்டும் பக்கிள் கவருக்கு அடியில் போய்விடுகிறது. அப்புறம் அதை யாரும் தேடுவதில்லை. வாடகை வண்டிகளில் இது இன்னும் அதிகம்.

ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். பின் சீட்டின் இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் கையை விட்டு, எல்லா பக்கிள்களையும் மேலே எடுத்து விடுங்கள். கவரில் துளை இல்லையென்றால் கவர் கடையில் சொன்னால் அளவாக வெட்டித் தைத்துத் தருவார்கள். அப்படியே இன்னொன்றையும் பாருங்கள்: சில கார்களில் முன் சீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கும், சீட்டின் ஓரத்தில் சிறிய அட்டை தைத்திருப்பார்கள். அந்தச் சீட்டுக்கு இறுக்கமான சாதாரணக் கவர் போட்டால் பை விரிவதைத் தடுத்துவிடும்.

பக்கிள் வெளியே வந்ததும் ஒவ்வொரு பெல்ட்டையும் மாட்டிக் கழற்றிப் பாருங்கள். 'கிளிக்' என்று கேட்க வேண்டும், இழுத்தால் வரக் கூடாது. பக்கிளுக்குள் பிஸ்கட் தூளும் சில்லறையும் விழுந்து சிக்கிக்கொள்வது குழந்தைகள் இருக்கும் வண்டியில் சாதாரணம்.

உட்காரும் முறை

பெல்ட்டுக்கு முன்னால் சீட்டைச் சரிசெய்யுங்கள். ஓட்டுபவரின் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிவது. அதன் மேல் சாய்ந்தாற்போல் உட்கார்ந்திருந்தால் காப்பாற்ற வந்ததே காயப்படுத்தும். ஏர்பேக் இருக்கிறதே, பெல்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். பெல்ட் உடம்பைப் பிடித்துவைத்திருக்கிறது என்ற கணக்கில்தான் அந்தப் பையை வடிவமைத்திருக்கிறார்கள்.

இரவுப் பயணத்தில் முன் சீட்டைப் படுக்கை மாதிரி சாய்த்துக்கொண்டு தூங்குவது நம்மிடம் நிறைய. இது ஆபத்து. சாய்ந்து படுத்தால் தோள் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் பெரிய இடைவெளி விழுகிறது. மோதும்போது உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போகும், இடுப்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றில் ஏறி உள்ளுறுப்புகளை நசுக்கும். தூங்க வேண்டுமென்றால் முதுகு நிமிர்ந்த நிலையிலேயே தலையைத் தாங்கியில் வைத்துத் தூங்கலாம். டேஷ்போர்டில் கால் தூக்கிவைப்பதும் வேண்டாம். ஏர்பேக் விரிந்தால் காலும் இடுப்பும் உடையும்.

மாட்டுவது: இடுப்பு முதலில், தோள் அப்புறம்

இன்று நாம் போடும் மூன்று முனை பெல்ட்டை வடிவமைத்தவர் நில்ஸ் போலின் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். முன்பு போர் விமானங்களில் விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கைகளில் வேலை பார்த்தவர். வால்வோ நிறுவனத்தில் சேர்ந்து 1959இல் இதைக் கொண்டுவந்தார். காப்புரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ விட்டுக்கொடுத்தது. அதனால்தான் நம் ஊர்ச் சின்னக் கார் வரை அதே வடிவம் வந்து சேர்ந்திருக்கிறது. அவருடைய யோசனையின் சாரம், மோதலின் விசையை உடம்பில் வலுவான எலும்புகள் தாங்க வேண்டும் என்பது. அந்த எலும்புகள் இடுப்பெலும்பு, நெஞ்செலும்பு, தோளின் காறை எலும்பு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாமே தானாக விளங்கும்.

பின்பக்கமாக நன்றாக ஒட்டி உட்காருங்கள். தோளுக்குப் பக்கத்திலிருந்து பெல்ட்டை நிதானமாக, முறுக்கு விழாமல் இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். அது கோளாறு இல்லை, பெல்ட் சரியாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. கொஞ்சம் உள்ளே விட்டுவிட்டு மறுபடி இழுத்தால் வரும். ஏற்றத்தில் நிற்கும் வண்டியிலும் சில சமயம் இப்படிப் பிடிக்கும்.

கிளிக் ஆனதும் முதலில் இடுப்புப் பட்டையைக் கீழே தள்ளுங்கள். அது தொடை தொடங்கும் இடத்தில், இடுப்பெலும்பின் மேல் படிந்திருக்க வேண்டும். தொப்பையின் மேல் இருக்கக் கூடாது. தொப்பை பெரிதாக இருந்தால் அதைத் தூக்கி, பட்டையை அடியில் விடுங்கள். சட்டைப் பையில் இருக்கும் போனையும் பேண்ட் பையில் இருக்கும் சாவிக்கொத்தையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

அடுத்து தோள் பட்டை. கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில், காறை எலும்பைக் கடந்து, நெஞ்சின் நடுவே குறுக்காக இறங்க வேண்டும். கழுத்தில் உரசினால் பல கார்களில் முன் சீட் பக்கத்துத் தூணில் பெல்ட்டை ஏற்றி இறக்கும் பிடி இருக்கும், அதை அழுத்திக் கீழே இறக்குங்கள். உரசுகிறது என்பதற்காகக் கைக்கு அடியில் விடவே கூடாது. அப்படி விட்டால் விசை முழுவதும் கீழ் விலா எலும்புகளில் இறங்கும். அவை மெல்லியவை. உடைந்தால் அதன் பின்னாலேயே கல்லீரலும் மண்ணீரலும் இருக்கின்றன. முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொள்வதும் வேண்டாம்.

கடைசியாக, தோள் பட்டையை மேல்நோக்கி இழுத்துத் தொய்வை எடுத்துவிடுங்கள். பல கார்களின் முன் சீட்டில், மோதிய அடுத்த நொடியின் சிறு பகுதிக்குள் பெல்ட்டைத் தானே இழுத்து இறுக்கும் ஏற்பாடு உண்டு. பின் சீட்டில் அது இல்லாத கார்கள் நம்மிடம் ஏராளம். ஆகவே பின்னால் இருப்பவர் தன் கையாலேயே தொய்வை எடுத்தாக வேண்டும்.

பழைய கார்களில் பின் சீட்டின் நடுவில் இடுப்புப் பட்டை மட்டும் இருக்கும். அதுவும் ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். தாழ்வாக, இறுக்கமாக மாட்டுங்கள். அந்த இடத்தில் குழந்தையை விடாமல் பெரியவர் ஒருவர் உட்கார்வது நல்லது.

புடவையில், கர்ப்பத்தில், முதுமையில்

புடவை கட்டியிருந்தால் கொசுவத்தின் தடிப்புக்குக் கீழே இடுப்புப் பட்டை வர வேண்டும். தோளில் குத்தியிருக்கும் ஊக்கு பெல்ட் படும் இடத்தில் இருந்தால் கொஞ்சம் நகர்த்திக் குத்திக்கொள்ளுங்கள். கனமான ஆரமும் அப்படித்தான், பட்டைக்கு அடியில் சிக்காமல் எடுத்து வெளியே விடுங்கள். கல்யாணத்துக்குப் போகும் பெண்கள் புடவை கசங்கிவிடும் என்று பெல்ட்டைத் தவிர்ப்பது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். மண்டபத்து வாசலில் இறங்கி ஒரு நிமிடம் மடிப்பைச் சரிசெய்துகொள்ளலாம்.

கர்ப்பிணிகள் பெல்ட் போடக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அன்பினால்தான். ஆனால் அது தவறு. கட்டாயம் போட வேண்டும். முறை மட்டும் முக்கியம்: இடுப்புப் பட்டை வயிற்றுக்கு அடியில், இரு தொடைகளும் இடுப்பும் சேரும் இடத்தில். தோள் பட்டை மார்புகளுக்கு நடுவில் இறங்கி, வயிற்றின் பக்கவாட்டில் போக வேண்டும். வயிற்றின் குறுக்கே எந்தப் பட்டையும் போகக் கூடாது. முடிந்தால் அவர்கள் ஓட்டாமல் இருக்கட்டும், ஓட்டினால் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொள்ளட்டும். சின்ன விபத்தாக இருந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வயதானவர்களுக்குத் தோளைத் திருப்பிப் பின்னாலிருந்து பெல்ட்டை எடுப்பதே கஷ்டம். பாதிப் பேர் போட மறுப்பதற்கு இதுதான் காரணம், வெளியே சொல்ல மாட்டார்கள். நாம் எடுத்து மாட்டிவிட்டால் மறுக்க மாட்டார்கள். நெஞ்சில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தால், பெல்ட்டை எப்படிப் போட வேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போதே கேட்டுவிடுங்கள்.

குழந்தைகள்

மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு முன் சீட்டில் போவதை இன்றும் எல்லா ஊரிலும் பார்க்கிறோம். தாயின் கைப்பிடி போதும் என்று நம்புகிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்துவைக்க ஏறக்குறைய 140 கிலோவைத் தாங்கும் வலு கைகளுக்கு வேண்டும். யாராலும் முடியாது. குழந்தை கையிலிருந்து போய்விடும், அல்லது பெல்ட் போடாத தாய்க்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போடுவதும் அதே அளவு ஆபத்து, தாயின் எடை முழுவதும் குழந்தையின் மேல் இறங்கும்.

கைக்குழந்தைக்குப் பின்நோக்கிய குழந்தை இருக்கை வேண்டும். குழந்தையின் தலை பெரிது, கழுத்து மெலிது. பின்நோக்கி இருந்தால் மோதலின் விசை முதுகு முழுவதும் பரவும், கழுத்து தப்பிக்கும். குறைந்தது 15 மாதம் வரையாவது இப்படி வையுங்கள், இருக்கையின் அளவு இடம் கொடுத்தால் அதற்கு மேலும் வையுங்கள். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் இந்த இருக்கையை ஒருபோதும் மாட்டாதீர்கள். அதன் பிறகு, தனக்கென்று பட்டைகள் உள்ள முன்நோக்கிய இருக்கை. அப்புறம் பூஸ்டர், அதாவது பெரியவர்களின் பெல்ட் சரியான இடத்தில் படிவதற்காகக் குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை. தலையணையைப் போட்டு உயர்த்துவது இதற்கு மாற்று ஆகாது, மோதும்போது அது நழுவிவிடும்.

பூஸ்டரை எப்போது நிறுத்தலாம்? ஏறக்குறைய 145 சென்டிமீட்டர் உயரம் என்று சொல்வார்கள். அளவுகோலைவிட நேரில் பார்ப்பது எளிது. முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்கும்போது முழங்கால் சீட்டின் விளிம்பில் மடங்குகிறதா, இடுப்புப் பட்டை தொடையின் மேல் பகுதியில் படிகிறதா, தோள் பட்டை கழுத்தில் படாமல் போகிறதா, பயணம் முழுவதும் அப்படியே உட்கார முடிகிறதா என்று பாருங்கள். ஒன்று இல்லையென்றாலும் பூஸ்டர் இன்னும் வேண்டும்.

14 வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றாலும் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. குழந்தை இருக்கை விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிறந்த நாளுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று கேட்கும் சித்தப்பாவிடமும் அத்தையிடமும் இதைச் சொல்லலாம். பழையது வாங்கினால் விபத்தில் சிக்காதது என்று நன்றாகத் தெரிந்தவர்களிடம் மட்டும் வாங்குங்கள்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"

ஐந்து பேர் காரில் ஏழு பேர் என்றால் இரண்டு பேருக்கு பெல்ட் இல்லை என்று பொருள். ஒரு பெல்ட் ஒருவருக்குத்தான். கோயிலுக்கோ விசேஷத்துக்கோ கூட்டமாகப் போவதென்றால் இருக்கை எண்ணிக்கை பார்த்து வண்டி சொல்லுங்கள். ஏழு பேர் வண்டிகளின் மூன்றாவது வரிசையிலும் பெல்ட் உண்டு, தேடினால் கிடைக்கும். பழைய ஜீப் வகை வண்டிகளில் எதிரெதிராகப் போட்டிருக்கும் பக்கவாட்டு இருக்கைகளில் குழந்தைகளை உட்காரவைக்காதீர்கள்.

கேட்பது எப்படி

இதுதான் பலருக்கும் கஷ்டமான இடம். மாமனாரிடம் எப்படிச் சொல்வது, மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறோம். நான் கண்டவரை, எல்லாரும் ஏறியபின் என்ஜினைப் போடும் முன்னால் கேட்பதுதான் சுலபம். வண்டி நகர்ந்த பிறகு கேட்டால் குறை சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. ஓட்டுபவர் முதலில் தன் பெல்ட்டை மாட்டிவிட்டு, பொதுவாக, "எல்லாரும் பெல்ட் போட்டாச்சா? பின்னாடியும் போட்டுக்குங்க, கிளம்பலாம்" என்று சொல்லலாம். யாரையும் தனியாகச் சுட்ட வேண்டியதில்லை.

பெரியவர்களிடம் பாதுகாப்பு பற்றிப் பாடம் எடுக்காமல் செயலில் இறங்குங்கள். "மாமா, கையைக் கொஞ்சம் தூக்குங்க, நான் மாட்டிவிடுறேன்." அவ்வளவுதான். "எனக்கெதுக்குப்பா" என்று அவர் சொன்னால், "உங்களுக்கு மட்டும் இல்ல மாமா, முன்னாடி உட்கார்ந்திருக்கிற உங்க பொண்ணுக்கும் சேர்த்துத்தான்" என்பது உண்மையான பதில். வாடகை வண்டியில், "அண்ணா, பின்னாடி பக்கிள் கவருக்குள்ள போயிருக்கு, கொஞ்சம் எடுத்து விடுறீங்களா?" என்று ஏறிய உடனே கேளுங்கள். பெரும்பாலான ஓட்டுநர்கள் முகம் சுளிக்காமல் எடுத்துத் தருவார்கள். குழந்தைகளிடமோ அந்தக் கேள்வியையே ஒப்படைத்துவிடலாம். பின் சீட்டில் இருக்கும் பிள்ளையை "எல்லாரும் போட்டாச்சான்னு பாத்துச் சொல்லு" என்றால், தாத்தாவிடம் நம்மைவிட உரிமையோடு கேட்கும்.

"தண்ணிக்குள்ள விழுந்தா, தீப்பிடிச்சா மாட்டிக்க மாட்டோமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயம்தான். ஆனால் அந்த நிலையில் வெளியே வர முதலில் நினைவு இருக்க வேண்டும். மோதலில் தலை அடிபட்டு மயங்கியவரால் கதவைத் திறக்க முடியாது. பெல்ட் அந்த நினைவைக் காக்கிறது. கழற்றும் சிவப்பு பட்டனைக் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவிக் கண்டுபிடித்து அழுத்தக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் பழக்கிவிடுங்கள்.

சத்தத்தை அடக்கும் கிளிப்

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் முன் சீட் பெல்ட்டுக்கான எச்சரிக்கை ஒலி கட்டாயம். அந்தச் சத்தத்தை நிறுத்த, பெல்ட் இல்லாமல் உலோக நாக்கு மட்டும் உள்ள கிளிப்பைப் பக்கிளில் செருகிவைக்கிறார்கள். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்தக் கிளிப்களை விற்ற ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு எதிராக உத்தரவு பிறப்பித்து, 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்கவைத்தது. உங்கள் வண்டியில் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் நிரந்தரமாக மாட்டிவைத்து அதன் மேல் சாய்ந்துகொள்வதும் இதே ரகம்.

பராமரிப்பு, பழைய வண்டி வாங்கும்போது

பெல்ட் அழுக்கானால் மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, முழுவதும் வெளியே இழுத்து நிழலில் காயவிடுங்கள். ப்ளீச்சும் சாயமும் இழையைக் கெடுக்கும். ஓரம் பிரிந்திருந்தால், வெட்டு விழுந்திருந்தால், விட்டதும் உள்ளே போகாமல் தொங்கினால் மாற்ற வேண்டியதுதான், தையல்காரரிடம் கொடுத்துத் தைக்கக் கூடாது. பெரிய மோதலில் ஒருமுறை ஆளைத் தாங்கிய பெல்ட்டைப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். காப்பீட்டுக் கோரிக்கையில் அதையும் சேர்க்கச் சொல்லி வொர்க் ஷாப்பில் எழுத்தில் கேளுங்கள்.

பழைய கார் பார்க்கப் போனால் எல்லா பெல்ட்டையும், பின் சீட் உட்பட, கடைசி அங்குலம் வரை வெளியே இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவி மெருகேற்றினாலும், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறையோ பூஞ்சை வாடையோ தங்கிவிடுவது உண்டு. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களுக்குப் பிறகு சென்னைப் பக்கம் வண்டி வாங்குபவர்களுக்கு இது மிகவும் பயன்படும் சோதனை. கறை தெரிந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது. எப்படியும் வாங்குவதென்று முடிவு செய்தால், எல்லா பெல்ட்டையும் அதன் சுருள் பெட்டியோடு மாற்றும் செலவை விலையிலேயே கழித்துப் பேசி, மாற்றிய பிறகே குடும்பத்தை ஏற்றுங்கள்.